கையில் ஒரு கயிறு

நான் சிறுவனாக இருந்தபோது கோடை லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போவது வழக்கம். ரயில் எங்களை இறக்கிவிடும்போது இரவு பத்து மணிக்கு மேலாகியிருக்கும். ஸ்டேஷனிலிருந்து ஊர் ஐந்து மைல். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்த கூண்டு வண்டி வெளியே காத்துக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் நல்ல வயசாளி. வண்டி புளியமரச் சாலையில் ஏறியதுதான் தாமதம், அவர் தலை தொங்கிவிடும்.

மாடுகள் மட்டும் தூங்குவதில்லை. அவற்றுக்கு வழி தெரியும். மதகு வந்தால் நிதானிக்கும். பிள்ளையார் கோவில் முனையில் தாமாகவே திரும்பும். பெரியவர்கள் எல்லோரும் கவலையில்லாமல் குறட்டை விடுவார்கள். எனக்குத்தான் தூக்கம் வராது. ஓட்டுகிறவர் தூங்கும் வண்டியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட அவஸ்தை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் தாங்க முடியாமல் அவர் தோளைத் தொட்டு உலுக்கினேன்.

"தாத்தா, தூங்காதீங்க. வண்டி வாய்க்கால்லே இறங்கிடும்!"

"மாடு பாத்துக்கும் தம்பி. பயமா இருந்தா இந்தா, நீ கயித்தைப் பிடிச்சுக்க" என்று சொல்லி, ஒரு கயிற்று நுனியை என் கையில் திணித்துவிட்டு, மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

என்ன ஆச்சரியம்! கயிறு கைக்கு வந்ததும் பயம் ஓடிப்போய்விட்டது. மிச்ச தூரம் முழுவதும் வண்டியை நானே ஓட்டினேன். மறுநாள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். மத்தியானம் தொழுவத்துப் பக்கம் போனபோதுதான் உண்மை தெரிந்தது. நான் பிடித்துக்கொண்டிருந்தது மாடுகளின் மூக்கணாங்கயிறே அல்ல. கூண்டுப் படலை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றின் மிச்ச நுனி அது!

தானே ஓடும் மோட்டார் வண்டிகளைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அந்தக் கயிற்று நுனி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அந்த வண்டிகளைக் கட்டுகிற நிபுணர்களுக்கு இரண்டு பிரச்னைகள். வண்டியைத் தானாக ஓடச் செய்வது முதலாவது. அது யந்திர சாஸ்திரத்தைச் சேர்ந்த விஷயம்; நமக்கு எட்டாது. உள்ளே உட்காருகிற மனிதனின் கையில் எதைக் கொடுப்பது என்பது இரண்டாவது. அது மனசைப் பற்றிய விஷயம். கதை எழுதுகிறவன் அதில் கொஞ்சம் தலையிடலாம். அதற்குச் சரித்திரமும் இருக்கிறது.

ஜெர்மனியில் 1886-ல் கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேடண்ட் வாங்கினார். அந்த வண்டியில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. நெட்டுக்குத்தான ஒரு தண்டின் தலையில் சிறு கைப்பிடி. அதைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். படகுச் சுக்கான் மாதிரிதான். 1888-ல் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு அந்த மாதிரி வண்டியில்தான் போய்ச் சேர்ந்தார். இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு சக்கிலியரைப் பிடித்து அவற்றின்மேல் தோல் வைத்துத் தைக்கச் சொன்னாராம். மோட்டார் வண்டியின் கட்டுப்பாட்டுச் சாதனங்களை முதலில் திருத்தியவர் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய ஒரு பெண்மணி என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

வட்டமான ஸ்டியரிங் சக்கரம் 1894-ல் வந்தது. பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்பவர் தம் பான்ஹார்ட் வண்டியில் அதைப் பொருத்திக்கொண்டு வந்தார். ஆனால் குதிரையை மறக்க ஜனங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் மனம் வரவில்லை. 1899-ல் ஓர் அமெரிக்கர் மோட்டார் வண்டியின் மூக்கில் மரத்தால் செய்த குதிரைத் தலையை மாட்டிவிட யோசனை சொன்னார். எதிரே வருகிற குதிரைகள் மிரளாமல் இருக்குமல்லவா? மரக் குதிரையை உண்மைக் குதிரைகள் நம்பினவோ இல்லையோ, மனிதர்கள் கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பார்கள்.

பிறகு ஒரு பெரிய குழப்பக் காலம். எந்தக் காலால் எதை மிதிப்பது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாஸ்திரம். 1908-ல் வெளிவந்து, ஒன்றரைக் கோடி வண்டிகள் வரை செய்யப்பட்ட ஃபோர்டு 'மாடல் டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மூன்று மிதிகள் உண்டு. ஆனால் இன்று கார் ஓட்டத் தெரிந்த எவரும் அதில் ஏறி உட்கார்ந்தால் விபரீதம்தான். இடது மிதியை அழுத்தினால் வண்டி கீழ் கியரில் கிளம்பும். நடு மிதி வண்டியைப் பின்னோக்கித் தள்ளும். வலது மிதிதான் பிரேக். வேகத்தைக் கூட்டுவதற்குக் காலே வேண்டாம். சக்கரத்தின் அடியில் ஒரு சின்ன நெம்புகோலை விரலால் இழுக்க வேண்டும். இன்று நாம் அறிந்திருக்கிற கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் வரிசை, 1916-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டி ஒன்றில் ஒழுங்காக அமைந்தது. 1922-ல் இங்கிலாந்தில் வந்த சிறிய ஆஸ்டின் செவன் அதைச் சாமானியர்களிடம் கொண்டு சேர்த்தது. ஆக, கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று தீர்மானிக்கவே முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

தீர்மானம் ஆனதும் மனிதன் என்ன செய்தான்? உடனே கயிற்றை விட்டுவிட ஆசைப்பட்டான்!

1925-ல் நியூயார்க் வீதிகளில் ஹூடினா என்ற கம்பெனி, ஆளே இல்லாத மோட்டார் ஒன்றை ரேடியோ அலைகளால் ஓட்டிக் காட்டியது. பின்னால் வந்த வேறொரு காரிலிருந்து அதை இயக்கினார்கள். அது தாறுமாறாக ஓடி, படம் பிடிக்க வந்தவர்களின் கார்மீதே மோதி நின்றது. தம் பெயரைத் திருடிவிட்டதாகக் கோபம் கொண்ட புகழ்பெற்ற மாயாஜாலக்காரர் ஹூடினி, அந்தக் கம்பெனியின் காரியாலயத்துக்கே போய் ரகளை செய்தார். 1939-ல் அதே நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில், நார்மன் பெல் கெடஸ் என்ற கலைஞர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக வருங்கால அமெரிக்காவைப் பொம்மை நகரமாகச் செய்து வைத்தார். 1960 வாக்கில் வண்டிகள் இடைவெளி விட்டுத் தாமே ஒழுங்காக ஓடும் என்பது அவர் கனவு. 1950-களில் அமெரிக்க மின்சாரக் கம்பெனிகளின் விளம்பரம் ஒன்றில், கண்ணாடிக் கூரை போட்ட காருக்குள் ஒரு குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டாமினோ ஆடிக்கொண்டிருக்கும். கார் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். 1958-ல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 'ஃபயர்பேர்ட் மூன்று' என்ற காட்சி வண்டியில் ஸ்டியரிங் சக்கரத்தையே எடுத்துவிட்டார்கள். இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு பிடி. முன்னே தள்ளினால் ஓட்டம்; பின்னே இழுத்தால் பிரேக்; இடமும் வலமும் சாய்த்தால் திருப்பம். நடுவில் இருப்பதால் இருவரில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்து போகிற வண்டியில் அப்படிப்பட்ட பிடியை வைத்தவர், குடும்பம் என்றால் என்னவென்று யோசித்திருக்க மாட்டார்!

இந்தக் கனவுகளெல்லாம் காட்சிச் சாலையோடு நின்றன. நிஜமாக நடந்த முதல் காரியத்தைச் செய்தவர் ஒரு கண்ணில்லாத மனிதர். இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் கத்தி பட்டுப் பார்வையை இழந்தவர். அப்படியும் இஞ்சினீயரிங் படித்துத் தேறி, ஒரு கம்பெனியின் தலைவராகவும் உயர்ந்தார். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது ஒரு வழக்கம். பேசினால் வேகம் குறையும், கேட்டால் வேகம் கூடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்குச் சாலை தெரியாது. அந்தக் குலுக்கல் மட்டும் தெரியும். ஒரே சீரான வேகத்தில் வண்டியை வைத்திருக்க ஒரு கருவி வேண்டும் என்று அப்போது நினைத்தவர், அதைச் செய்தும் முடித்து 1950-ல் பேடண்ட் பெற்றார். 1958-ல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. இன்று உலகமெங்கும் கார்களில் இருக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் அதுதான். அதில் ஒரு நியாயம் உண்டு. பிரேக்கைக் காலால் தொட்டால் போதும், யந்திரம் விலகிக்கொண்டு அதிகாரத்தை மனிதனிடம் கொடுத்துவிடும். அது உண்மையான கயிறு.

எனக்கு டீட்டரின் சங்கடம் நன்றாகப் புரிகிறது. காரில் நான் ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால், எதிரே லாரி வரும்போதெல்லாம் என் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். அங்கே பிரேக் இல்லை என்று எனக்குத் தெரியும்; காலுக்குத் தெரியாது. "தரையிலே ஓட்டை விழுந்துடப் போறது" என்பாள் என் மனைவி. பிரயாணியின் பயம் அறிவில் இல்லை, காலில் இருக்கிறது.

இந்தப் பயத்துக்கு லிஃப்ட் செய்தவர்கள் முன்பே ஒரு மருந்து கண்டார்கள். முன்காலத்து லிஃப்டில் உடுப்பணிந்த ஓர் ஆள் நின்று நெம்புகோலைத் திருப்பி ஓட்டுவார். பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் லிஃப்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் பெரிய கட்டடங்களில் ஆளில்லாத லிஃப்டை நம்ப ஜனங்கள் தயங்கினார்கள். 1945 செப்டம்பரில் நியூயார்க்கின் லிஃப்ட் ஓட்டிகளும் வாயில் காப்போரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வானளாவிய கட்டடங்களின் அடியில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு கட்டடக்காரர்கள் மனம் மாறினார்கள். 1950-ல் டல்லஸ் நகரத்துக் காரியாலயக் கட்டடம் ஒன்றில் ஓட்டிஸ் கம்பெனி முழுக்கத் தானியங்கும் லிஃப்டுகளை வைத்தது. பயந்த பிரயாணிக்காக உள்ளே இரண்டு சமாதானங்கள்: உதவிக்குக் கூப்பிட ஒரு டெலிபோன், நிறுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். பொத்தானை அழுத்தியவர்கள் சொற்பம். அது இருக்கிறதே என்ற தைரியத்தில் ஏறியவர்கள்தான் அதிகம்.

லிஃப்டில் இன்னொரு பொத்தானும் உண்டு. கதவை மூடும் பொத்தான். ஊனமுற்றோருக்கான 1990-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்க லிஃப்டுகளில் கதவு குறிப்பிட்ட நேரம் திறந்தே இருக்க வேண்டும். ஆகவே அங்கே பல லிஃப்டுகளில் அந்தப் பொத்தானை எத்தனை தடவை குத்தினாலும் கதவு தன் நேரத்தில்தான் மூடும். படலில் கட்டிய கயிறு!

இப்போது மோட்டாருக்குத் திரும்பலாம். 1995-ல் கார்னகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரு வண்டியில் போனார்கள். ஸ்டியரிங்கை 100-க்கு 98 பங்கு தூரம் யந்திரமே திருப்பியது. மிதிகளை மட்டும் மனிதர்கள் மிதித்தார்கள். அதாவது கையை யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுக் காலைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள்.

கூகுள் கம்பெனி 2009-ல் இந்த வேலையில் இறங்கியது. நெடுஞ்சாலையில் தானாக ஓடக்கூடிய கார்களைச் சில வருஷங்களுக்குப் பிறகு தன் ஊழியர்களிடமே கொடுத்துப் பார்த்தது. கவனமாக இருக்க வேண்டும், அவசரம் வந்தால் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும் என்று நிபந்தனை. காமிரா பார்த்துக்கொண்டிருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாள் எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள். பிறகு ஒருவர் போனை நோண்டினார். ஒருவர் முகத்துக்கு ஒப்பனை செய்துகொண்டார். ஒருவர் நெடுஞ்சாலை வேகத்தில் தூங்கியே போனார். என் வண்டிக்காரர் அத்தனை பேருக்குள்ளும் இருந்தார்!

கூகுள் நிபுணர்கள் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாதிக் கயிறு ஆபத்து. ஒன்றும் செய்ய வேண்டாத மனிதனைத் தயாராக இரு என்று சொல்லி உட்கார வைப்பது நடவாத காரியம். ஆகவே 2014-ல் ஸ்டியரிங்கும் மிதிகளும் இல்லாத இரண்டு ஆசனச் சிறு வண்டி ஒன்றைச் செய்து காட்டினார்கள். உள்ளே இரண்டு பெல்ட்டுகள், ஒரு திரை, கிளம்ப ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான், அவ்வளவுதான். கலிபோர்னியா சர்க்கார் சம்மதிக்கவில்லை. சோதனை ஓட்டத்துக்கு மனிதன் பிடிக்கச் சக்கரமும் மிதிக்க பிரேக்கும் இருந்தே தீர வேண்டும் என்றது. கழற்றக்கூடிய சக்கரம் ஒன்றை மாட்டித்தான் அங்கே வீதிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் 2015 அக்டோபரில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில் சக்கரமும் மிதியும் இல்லாமலே அந்த வண்டி வீதியில் ஓடியது. அதில் தன்னந்தனியாகப் போனவர் ஸ்டீவ் மஹான், பார்வையிழந்தவர். பக்கத்து ஆசனத்தில் குலுங்கிய டீட்டரின் ஆசை இன்னொரு கண்ணில்லாதவரிடம் வந்து நிறைவேறியது என்று சொல்லலாம். ஸ்டியரிங் சக்கரம் இருந்த நாளெல்லாம் அது ஒரு பூட்டாகவும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கண்ணில்லாதவர்களுக்கும் கை கால் முடங்கியவர்களுக்கும் அது சாத்திய கதவு. கயிற்றை எடுத்துவிட்டால் பயம் என்று நான் சொல்கிறேன்; கயிறு இல்லாவிட்டால்தான் சுதந்திரம் என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

இனிச் சொல்வது துயரமான கதை. 2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு பத்து மணி சுமாருக்கு, அரிஸோனா மாநிலத்து டெம்பி நகரத்தில் ஊபர் கம்பெனியின் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின்மேல் மோதியது. அவர் இறந்துபோனார். கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஆசனத்தில் மேற்பார்வைக்காக ஒரு பெண் ஊழியர் இருந்தார்; அவர் கண் போனில் ஓடிய நிகழ்ச்சியில் இருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது மற்ற விஷயங்களும் வெளிவந்தன. குறுக்கே வருபவரை யந்திரம் 5.6 வினாடிகளுக்கு முன்பே கண்டுவிட்டது. ஆனால் அது வண்டியா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டேயிருந்தது. அந்தக் காரைச் செய்த கம்பெனி அதில் வைத்திருந்த அவசர பிரேக், தானாக ஓடும் சமயத்தில் வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. முன்பு இரண்டு பேர் உட்கார்ந்த வண்டியில் அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் ஒருவரைக் குறைத்திருந்தார்கள். கம்பெனியின் பாதுகாப்பு முறைகளில் இருந்த ஓட்டைகளையும் வாரியம் எடுத்துச் சொன்னது.

வழக்கு எப்படி முடிந்தது? கம்பெனிமீது கிரிமினல் குற்றம் சாட்ட ஆதாரமில்லை என்று 2019-ல் அரசாங்க வக்கீல் சொல்லிவிட்டார். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர்மீது 2020-ல் குற்றம் சாட்டப்பட்டது. 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று வருஷம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. போனைப் பார்த்தது தவறுதான், சந்தேகமில்லை. ஆனால் கயிறு யார் கையில் இருந்தது என்ற கேள்விக்குச் சட்டம் கண்டுபிடித்த பதில் என்னைத் தூங்கவிடவில்லை. சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது அவர். ஆகவே பழி அவருக்கு. ஸ்டியரிங் சக்கரம் வண்டியைத் திருப்புகிற கருவி மட்டுமல்ல, பழியைத் தாங்குகிற கருவியும்கூட.

2022 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கம் தன் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, ஓட்டுவதற்கான சாதனங்களே இல்லாத வண்டிகளுக்கும் இடம் கொடுத்தது. அதற்கு முன்பே, கூகுளிலிருந்து பிரிந்த வேமோ கம்பெனி பீனிக்ஸ் நகரத்தில் 2020 முதல் டிரைவர் இல்லாத வாடகைக் கார்களைப் பொதுமக்களுக்கு ஓட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் கம்பெனியின் ஜாகுவார் கார்களில் ஸ்டியரிங் சக்கரம் அப்படியே இருக்கிறது. யாரும் இல்லாத ஆசனத்தின் முன்னால் அது தானே சுழலும். தொடாதே என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. பிரயாணிக்குத் திரையில் சில பொத்தான்கள்: கிளம்பு, உதவிக்கு ஆளைக் கூப்பிடு, ஓரமாக நிறுத்து.

இந்த 'ஓரமாக நிறுத்து' என்பதைப் பற்றி நீங்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். லிஃப்டை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது கூண்டுக்குள்தான் நிற்கும். காரை நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா? பாலத்தின்மேல், ரயில்வே கேட்டின் நடுவில், பின்னால் லாரி வருகிற வேளையில் நிறுத்தினால் நிறுத்தியதே ஆபத்து. ஆகவே அந்தப் பொத்தான் கட்டளை அல்ல, வேண்டுகோள். நல்ல இடம் பார்த்து யந்திரம் நிறுத்தும். அதுமட்டுமா? முரடர்கள் காரைச் சூழ்ந்துகொண்டால் பிரயாணிக்கு வேண்டியது நிற்கும் பொத்தானா, ஓடும் பொத்தானா? குழந்தை தனியாக உட்கார்ந்திருந்தால் எந்தப் பொத்தானைக் கொடுப்பது? ஓடும்போது கதவுப் பிடியை இழுத்தால் திறக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை இஞ்சினீயர்களிடம் மட்டும் இருக்க முடியாது. பயந்து பழகியவர்களிடம், நம்பிக் கெட்டவர்களிடம், கண்ணில்லாதவர்களிடம், தாய்மார்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

என் வண்டிக்காரரைப் பாதி வழியில் விட்டுவிட்டேன். அவரிடம் திரும்பி வந்து முடிக்கிறேன்.

கயிற்றின் ரகசியம் தெரிந்த பிறகும் நான் அதைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொள்வதை விடவில்லை. அடுத்த வருஷம் ஒரு மழை இரவில் மதகை ஒட்டிக் கரை சரிந்திருந்தது. மாடுகள் வழக்கமான வழியிலேயே போயின. ஒரு பக்கத்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. ஒருவருக்கும் பெரிய காயமில்லை. அத்தையின் முழங்கை மட்டும் சிராய்த்துவிட்டது. கயிறு என் கையில் இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்ததும் தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து, "யார் ஓட்டினது?" என்று ஓர் அதட்டல் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

வண்டிக்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தானுங்க ஐயா. கண் அசந்துட்டேன். எம் மேலதான் தப்பு."

என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வருங்கால வண்டிகளில் நம் கைக்குப் பொத்தானைக் கொடுக்கட்டும், பிடியைக் கொடுக்கட்டும், பொம்மைக் கயிற்றையே கொடுக்கட்டும். பயப்படுகிற பிள்ளைக்குப் பொம்மைக் கயிறு கொடுப்பதில் பாவமில்லை. வண்டி சாயும் இரவில், கொடுத்தவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.